வீட்டில் சில அறைகளுக்கு மட்டும் வைஃபை எட்டவில்லை. ரிப்பீட்டரா, மெஷ்ஷா, புது ரூட்டரா?

கேள்வி இதுதான்: ரூட்டர் ஹாலில், டிவிக்குப் பின்னால் இருக்கிறது. ஹாலில் எல்லாம் நன்றாக ஓடுகிறது. உள்ளறையிலும் மாடியறையிலும் வீடியோ கால் உறைந்து உறைந்து நிற்கிறது. சிக்னலை வாங்கித் திரும்பப் பரப்பும் ரிப்பீட்டர் வாங்குவதா, ஒரே வலையாகச் சேர்ந்து ஓடும் பல வைஃபை பெட்டிகளான மெஷ் வாங்குவதா, ஆறு ஆன்டெனா வைத்த ரூட்டருக்கு மாறுவதா?

இன்றைக்கே வாங்க வேண்டியது எது என்று கேட்டால், மூன்றும் இல்லை. முதலில் ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து வெளியே எடுங்கள். அதற்குப் பிறகும் எட்டாத அறை இருந்தால், அந்த அறைப் பக்கம் வரை ஒரு கேபிளை இழுத்து, அதன் முனையில் இன்னொரு வைஃபை பெட்டியை மாட்டுங்கள். கேபிள் இழுக்கவே வழியில்லை என்றால்தான் மற்றதெல்லாம்.

உறவினர் வீட்டுக்கு எதற்குப் போனாலும் “நெட் ஏதோ மக்கர் பண்ணுது, கொஞ்சம் பாரேன்” என்று என்னிடம்தான் ஃபோனை நீட்டுவார்கள். அப்படிப் பார்த்த வீடுகளில் சிலவற்றில் வைஃபை மேல் குற்றமே இல்லை. வீட்டுக்குள் வருகிற இணைப்பே மந்தம். அதனால் ஒரு லேப்டாப்பை லேன் கேபிளில் நேரே ரூட்டரோடு இணைத்து வேகத்தைப் பாருங்கள். அங்கேயே குறைவாக வந்தால் இணைப்பு கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், இந்தப் பதிலை மேலே படிக்க வேண்டாம். கேபிளில் நல்ல வேகம், ரூட்டர் பக்கத்தில் நின்றால் வைஃபையிலும் நல்ல வேகம், உள்ளறைக்குப் போனால் மட்டும் படுத்துவிடுகிறது என்றால் மேலே போகலாம்.

ஃபோனின் மேல் மூலையில் தெரிகிற கோடுகளை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். எந்த அளவுக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. பார்க்க வேண்டியது சிக்னலின் பலத்தைச் சொல்லும் டிபிஎம் என்ற எண்ணை. ஆன்ட்ராய்டில் வைஃபை அனலைசர் என்று தேடினால் இலவச ஆப் நிறைய வரும். மேக்கில் ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டு வைஃபை படத்தைத் தட்டினால் தெரியும். ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யுடிலிட்டி ஆப்பை இறக்கி, செட்டிங்ஸில் அதன் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும்.

அந்த எண் எப்போதும் கழித்தல் குறியோடுதான் வரும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. ரூட்டர் பக்கத்தில் மைனஸ் 40 வாக்கில் இருக்கும். வீடியோ கால் தடங்கலில்லாமல் போக மைனஸ் 67க்குக் கீழே இறங்காமல் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வைத்துக்கொள்ளும் கணக்கு. மைனஸ் 80 என்றால் இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். அந்த எண் 3 டெசிபல் குறைந்தால் வந்து சேரும் ஆற்றல் பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது. மைனஸ் 60க்கும் 70க்கும் நடுவே பத்துதானே என்று விட்டுவிட முடியாது.

ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி மெதுவாக நடந்து பாருங்கள். கதவைத் திறந்து வைத்து ஒரு முறை, சாத்திவிட்டு ஒரு முறை. எண் படிப்படியாக இறங்காமல் ஓரிடத்தில் தடாலென்று விழும். அங்கேதான் தடை இருக்கிறது. நண்பர் ஒருவர் வீட்டில் ஹால் ஓரத்தில் மைனஸ் 48 இருந்தது, அடுத்த அறைக்குள் ஓரடி வைத்ததும் மைனஸ் 76. சுவர் சாதாரணச் செங்கல் சுவர்தான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் ஆளுயரக் கண்ணாடி பதித்த இரும்பு பீரோ. ரூட்டரை அதே ஹாலில் எதிர் மூலைக்கு மாற்றியதும் சிக்னல் பீரோவைத் தொடாமல் கதவு வழியாகப் போய்விட்டது. அறைக்குள் மைனஸ் 63. செலவு ஒன்றும் இல்லை, ரூட்டரின் மின்வயர் எட்டவில்லை என்று ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தேடியதைத் தவிர.

இரும்பு சிக்னலைத் திருப்பி அடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற உலோகப் பூச்சும் அப்படியே. தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும், பெரிய மீன்தொட்டிக்கு அந்தப் பக்கம் வைஃபை சுமாராகத்தான் இருக்கும். கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட் தளமும் தூணும் செங்கலைவிட மோசம், மரக்கதவு பெரிய தடையே இல்லை. இன்னொன்றைப் பலர் யோசிப்பதில்லை: சுவரைச் சிக்னல் எந்தக் கோணத்தில் கடக்கிறது என்பது. நேராகக் கடந்தால் 20 சென்டிமீட்டர் இருக்கிற சுவர், நேர்க்கோட்டிலிருந்து 60 டிகிரி சாய்வாகக் கடக்கும்போது 40 சென்டிமீட்டர் சுவராகிவிடும். ரூட்டரைச் சுவரோரமாக வைத்துவிட்டு அந்தச் சுவரை ஒட்டியே நீளவாட்டில் இருக்கிற அறைகளுக்கு எட்டவில்லை என்றால் காரணம் இதுதான்.

இப்போது உங்கள் டிவி. அதன் பின்பக்கம் பெரும்பாலும் உலோகத் தகடு, கூடவே செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர், ஒரு வயர்க் காடு. ரூட்டர் வைக்க இதைவிட மோசமான இடம் தேட வேண்டும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஒளித்து வைக்கிறோம், சிக்னலும் சேர்ந்து ஒளிந்துகொள்கிறது. வீட்டின் நடுப்பக்கமாக, திறந்த இடத்தில், தலை உயரத்துக்கு மேலே வையுங்கள். குச்சி ஆன்டெனாவில் சிக்னல் நுனியிலிருந்து பீய்ச்சி அடிப்பதில்லை. குச்சியைச் சுற்றி மாட்டிய சைக்கிள் டியூப் போலப் பக்கவாட்டில் பரவுகிறது. எனவே ஒரே தளம் என்றால் எல்லாக் குச்சிகளையும் நேராக நிறுத்துங்கள். மாடிக்கும் போக வேண்டும் என்றால் ஒன்றைப் படுக்கவாட்டில் சாய்த்துப் பார்க்கலாம்.

“ஃபைபர் வருவதே வாசல் மூலையில்தான், நான் எப்படி நகர்த்துவது?” என்று கேட்பீர்கள். ஃபைபரை இழுக்க வேண்டாம், மடிக்கவும் வேண்டாம். ஃபைபர் வந்து சேருகிற பெட்டி அங்கேயே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு லேன் கேபிளை வீட்டு நடுவுக்குக் கொண்டுவந்து, ரூட்டரை அங்கே வைத்து, வாசல் பெட்டியில் இருக்கிற வைஃபையை அணைத்துவிடுங்கள்.

ஆறு ஆன்டெனா ரூட்டர் பற்றி. ஆன்டெனா கூடினால் ஒரே நேரத்தில் அதிக டேட்டா ஓட்டங்களை அனுப்பலாம், பிரதிபலித்து வரும் சிக்னலை நன்றாகப் பிரித்தெடுக்கலாம். தூரம் அந்தக் கணக்கில் கூடாது. எவ்வளவு ஆற்றலில் ஒலிபரப்பலாம் என்பதற்கு ஒவ்வொரு நாட்டிலும் சட்ட வரம்பு உண்டு. விலை அதிகமான ரூட்டரும் அதற்குள்தான் நிற்க வேண்டும். அதோடு வைஃபை இருவழிப் பாதை. ரூட்டர் சொல்வது ஃபோனுக்குக் கேட்டால் மட்டும் போதாது, ஃபோன் சொல்வது ரூட்டருக்கும் கேட்க வேண்டும். ஃபோன் சின்ன பேட்டரியில் ஓடுகிறது, ரூட்டர் அளவுக்கு அதற்குச் சத்தம் கிடையாது. கோடு நிறையக் காட்டியும் எதுவும் லோடு ஆகாமல் நிற்பதற்கு இது ஒரு காரணம்.

அலைவரிசை பற்றிச் சுருக்கமாக. 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், சுவரைக் கொஞ்சம் நன்றாகக் கடக்கும், ஆனால் அங்கே ஒரே நெரிசல். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் (அலைவரிசைக்குள் இருக்கும் தனித்தனிப் பாதைகள்) 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அக்கம்பக்கத்து ரூட்டர், புளூடூத், மைக்ரோவேவ் அவன் எல்லாம் அங்கேதான். யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை ரூட்டரை ஒட்டி வைத்தால்கூட இந்த அலைவரிசையில் இரைச்சல் கூடும். 5 கிகாஹெர்ட்ஸில் சேனல் நிறைய, வேகமும் அதிகம், சுவர் என்றால் சோர்ந்துவிடும். வைஃபை 6இ-யில் வந்த 6 கிகாஹெர்ட்ஸ் இன்னும் வேகம், எட்டும் தூரம் இன்னும் குறைவு. எனவே வைஃபை 7 ரூட்டர் வாங்கினால் மாடியறைக்கு எட்டிவிடும் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள். 2.4-இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வைத்து, 1, 6, 11-இல் எது காலியோ அதைத் தேர்ந்தெடுங்கள். செக்யூரிட்டி பகுதியில் டிகேஐபி என்ற பழைய பாதுகாப்பு முறை இருந்தால் உடனே மாற்றுங்கள். அது இருக்கும் வரை வேகம் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ் அல்லது டபிள்யூபிஏ3 போதும்.

இவ்வளவும் செய்தும் மாடியறை மைனஸ் 75-இல் நின்றால், கேபிள். கேட் 5இ வகை லேன் கேபிளே 100 மீட்டர் வரை ஒரு ஜிகாபிட் கொண்டுபோகும்; புதிதாக வாங்குவதென்றால் கேட் 6 வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே சுத்தச் செம்பா என்று கேட்டு வாங்க வேண்டும், அலுமினியத்தின் மேல் செம்பு பூசியதும் விற்கிறது. கரன்ட் வயர் ஓடும் அதே பைப்பில் இதை நுழைக்க வேண்டாம். சுவரைத் துளைக்க மனமில்லை என்றால் கதவிடுக்கில் நுழைகிற தட்டைக் கேபிள் இருக்கிறது.

மறுமுனைக்குப் பரணில் தூசி படிந்து கிடக்கிற பழைய ரூட்டரே போதும். அதில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (கேபிளில் வருவதை வைஃபையாகப் பரப்புவது மட்டும்) இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் முதலில் அதைத் தனியாக லேப்டாப்போடு இணைத்து மூன்று வேலை செய்ய வேண்டும். வீட்டு நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்ணான லேன் முகவரியை மாற்றுங்கள்: ஹால் ரூட்டர் 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2, ஹால் ரூட்டர் மற்றவற்றுக்குக் கொடுக்கிற முகவரிப் பட்டியலுக்குள் அந்த எண் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றவற்றுக்கு முகவரி கொடுக்கிற டிஹெச்சிபியை அணையுங்கள், ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்கக் கூடாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஹாலில் இருப்பதையே எழுத்துப் பிசகாமல் போடுங்கள். அப்புறம் ஹாலிலிருந்து வரும் கேபிளை வான் (WAN) என்று எழுதிய தனி ஓட்டையில் செருகாமல், லேன் ஓட்டைகளில் ஒன்றில் செருகுங்கள். இந்த ஒரு விஷயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேனலும் வேறாக இருக்கட்டும்: ஹால் 1 என்றால் மாடி 11. இரண்டுக்கும் நடுவே நிற்கிற ஃபோன் எதைப் பிடிப்பது என்பதை ஃபோனே முடிவு செய்கிறது. சில ஃபோன்கள் மாடி ஏறிய பிறகும் ஹால் சிக்னலை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு ஹால் ரூட்டரின் ஒலிபரப்பு ஆற்றலை ஒரு படி குறைத்துப் பாருங்கள். சிக்னலைக் கூட்ட வந்தவன் குறைக்கச் சொல்கிறானே என்று தோன்றும், ஆனால் வேலை செய்யும்.

கேபிள் போட்ட பிறகும் மாடியில் வேகம் 95 எம்பிபிஎஸ் வாக்கில் முட்டி நின்றால் வைஃபையைச் சந்தேகப்பட வேண்டாம். பழைய ரூட்டரின் போர்ட்டே 100-க்கு மேல் போகாததாக இருக்கலாம். இல்லையென்றால் கேபிள் முனை கிளிப்பைப் பாருங்கள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். ஒரே ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம். எல்லாம் வேலை செய்வது போலவே இருப்பதால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

கேபிளுக்கு வழியே இல்லை, வாடகை வீடு, வீட்டுக்காரர் ஆணி அடிக்கக்கூட விட மாட்டார் என்றால்: வீட்டுக்குள் ஏற்கெனவே டிவி கோஆக்ஸ் கேபிள் ஓடுகிறதென்றால் மோகா அடாப்டர் இரண்டு வாங்கி அதன் வழியே அனுப்பலாம், நன்றாகவே ஓடும். கரன்ட் வயர் வழியே அனுப்பும் பவர்லைன் அடாப்டர் வீட்டுக்கு வீடு மாறும், வயரிங் ஒத்துழைத்தால்தான். அதையும் சுவர் ப்ளக்கில் நேராகச் செருக வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலோ சர்ஜ் புரொடெக்டரிலோ செருகினால் திணறும்.

அதுவும் இல்லையென்றால் மெஷ். ரூட்டரோடு பேசுவதற்கென்றே தனி ரேடியோ உள்ள மூன்று பேண்ட் செட்டாகப் பாருங்கள். சாதாரண ரிப்பீட்டர் ஒரே சேனலில் கேட்டு அதே சேனலில் திரும்பச் சொல்வதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். வாட்ஸப் மெசேஜுக்கும் செய்தி படிப்பதற்கும் அது போதும், எனவே ரிப்பீட்டரை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். ஆனால் எதை வாங்கினாலும் அதைச் சிக்னல் செத்த அறைக்குள் வைக்காதீர்கள். அங்கே அதற்கே ஒன்றும் எட்டாது; எட்டாததை எப்படிப் பரப்பும்? ரூட்டருக்கும் அந்த அறைக்கும் நடுவே, மைனஸ் 60 வாக்கில் காட்டுகிற இடத்தில் வையுங்கள். உங்களுக்கு அது மாடிப்படித் திருப்பமாக இருக்கலாம். கான்கிரீட் தளத்தைத் துளைத்துப் போவதைவிடப் படிக்கட்டுத் திறப்பு வழியாகச் சிக்னல் சுலபமாக ஏறும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. ரூட்டர் இப்போது டிவிக்குப் பின்னால்தானே இருக்கிறது? அதை நகர்த்தும்போது டிவிக்கு ஒரு லேன் கேபிள் கொடுத்துவிடுங்கள். நகராத எதற்கும் வைஃபை தேவையில்லை. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒன்றுதான் பேச முடியும். டிவி படம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது உள்ளறை லேப்டாப் அடிக்கடி தன் முறைக்காகக் காத்திருக்கிறது. டிவியைக் கேபிளுக்கு மாற்றிய பிறகு ஒருநாள் சாயங்காலம், எல்லோரும் வீட்டில் இருக்கும்போது, உள்ளறையில் மறுபடி வேகத்தைப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் மாடிக்குக் கேபிள் வாங்கப் போகலாம்.