தொண்டையை விடுங்கள், முதுகைப் பாருங்கள்: மஞ்சள் தொண்டைச் சிட்டு கேள்வி-பதில்

பங்குனி பிறந்துவிட்டால் இந்தப் பறவையைப் பற்றிய கடிதங்கள் வரிசைகட்டி வரும். ஆணின் அலகு கருக்கிறது, தொண்டை மஞ்சள் எடுப்பாகத் தெரிகிறது, உச்சிக்கிளையில் உட்கார்ந்து ஓயாமல் கத்துகிறது. அதுவரை கவனிக்காதவர்களும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். இந்த முறை வந்தவற்றில் பாதிக்கு மேல் மஞ்சள் தொண்டைச் சிட்டைப் பற்றியவை. ஒரே கேள்வி பல பேரிடமிருந்து வந்திருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கே: எங்கள் தோப்புக்குத் தொண்டையில் மஞ்சள் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிட்டுக்குருவி வருகிறது. இது சிட்டுக்குருவியிலேயே புது வகையா?

புது வகை இல்லை, கலப்பும் இல்லை. அது தனி இனம். நம் ஓட்டு வீட்டு இடுக்கில் கூடு கட்டும் ஊர்க்குருவிக்கு, அதாவது சாதாரண சிட்டுக்குருவிக்கு, ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர்க்குருவி வீட்டை நம்பி வாழ்வது. இது மரத்தை நம்பி வாழ்வது. வறண்ட இலையுதிர்காடு, புதர்க்காடு, பழைய தோப்பு, பெரிய மரங்கள் நிற்கும் சாலையோரம், இவைதான் இதன் இடங்கள். மசினகுடிப் பக்கமும் சத்தியமங்கலம் அடிவாரத்திலும் காலை ஒரு மணி நேரம் நடந்தால் பார்த்துவிடலாம்.

அடையாளம் சொல்கிறேன், இந்த வரிசையிலேயே பாருங்கள். முதலில் முதுகு. ஊர்க்குருவிக்கு, ஆணோ பெண்ணோ, முதுகில் கறுப்பும் பழுப்புமாகக் கோடுகள் இருக்கும். இதற்குக் கோடே கிடையாது. மழையில் நனைந்து காய்ந்த மண் போல ஒரே சாம்பல் பழுப்பு. அடுத்தது சிறகு. இரண்டு வெள்ளைப் பட்டைகள், மேல்பட்டை அகலமாகத் தெரியும். அதற்கும் மேலே தோளில் செங்காவி நிறத்தில் ஒரு திட்டு. மூன்றாவது அலகு. ஊர்க்குருவிக்கு இருப்பது போலத் தடித்த அலகு அல்ல, மெலிந்து கூர்மையாக இருக்கும். இத்தனையும் பார்த்த பிறகு தொண்டைக்கு வாருங்கள். நிறையப் பேர் தொண்டையில் தொடங்கித் தொண்டையிலேயே முடித்துவிடுகிறார்கள். பிழை அங்கேதான் வருகிறது.

கே: உருவம் அதேதான், ஆனால் மஞ்சள் இல்லை. பறவை நூலில் இருக்கும் படம் தவறா?

படம் தவறில்லை, நீங்கள் பார்த்தது பெட்டை. அதன் தொண்டை வெளிறிய வெள்ளை. மஞ்சள் இருந்தாலும் சாயம் போன துணியில் இருக்கிற அளவுதான். தோள் திட்டும் ஆணுக்கு இருப்பதைவிட மங்கல். ஆணுக்கேகூட அந்த மஞ்சள் ஒரு சிறு பொட்டளவுதான், நேர் எதிரே நின்றால்தான் தெரியும். தலையைக் குனிந்தால் மறைந்துபோகும். முதுகைப் பாருங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதனால்தான். முதுகு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்று, பங்குனிக்கும் மார்கழிக்கும் ஒன்று.

கே: படம் இணைத்திருக்கிறேன். என்ன பறவை, சொல்லுங்கள்.

இப்படி நான்கு கடிதங்கள். எந்த ஊர் என்று இல்லை, எந்த மாதம் என்று இல்லை, மரத்தில் இருந்ததா தரையில் இருந்ததா என்றும் இல்லை. ஒரு படத்தில் தலை இலைக்குள் இருக்கிறது. இன்னொன்று வானத்துக்கு எதிராக எடுத்தது, முழுக்கக் கறுப்பு. பறவை கண்முன்னே இருந்தபோது உங்களுக்குத் தெரிந்தது எனக்கு இந்தப் படத்தில் தெரியாது. அடுத்த முறை படம் எடுப்பதற்கு முன் அரை நிமிடம் வெறும் கண்ணால் பாருங்கள். இடம், மாதம், நேரம், என்ன செய்துகொண்டிருந்தது என்று நான்கு வரி எழுதி அனுப்புங்கள். படமே இல்லாவிட்டாலும் பதில் சொல்கிறேன். இவை இல்லாத படத்துக்கு ஊகம் சொல்லி உங்கள் குறிப்பேட்டில் தவறான பெயரை ஏற்ற எனக்கு மனமில்லை.

கே: வேப்ப மரத்தில் மஞ்சள் தொண்டை, சிறகில் இரண்டு வெள்ளைப் பட்டை. உறுதியாக மஞ்சள் தொண்டைச் சிட்டுதானே?

வயிறும் மஞ்சளா? ஆம் என்றால் அது மாம்பழச்சிட்டு. இலைக்குள் நுழைந்து நுழைந்து புழு தேடும், நீளமாகச் சீட்டியடிக்கும். சிட்டு என்று பெயர் இருந்தாலும் இந்தக் குடும்பத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கே: தூக்கணாங்குருவிக் கூட்டத்தில் இதைப் பார்த்தேன். சேர்ந்து இருக்குமா?

அறுவடை முடிந்த வயலில் ஊர்க்குருவியோடு சேர்ந்து மேய்வதுண்டு. ஆனால் உங்கள் கடிதத்தில் "தலை உச்சியும் மஞ்சள், முதுகில் கோடு" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்கள் பார்த்தது தூக்கணாங்குருவி ஆண், வேறெதுவும் இல்லை. முதுகில் கோடு வந்துவிட்டால் மஞ்சள் தொண்டைச் சிட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை.

கே: குரலை வைத்து ஊர்க்குருவியிலிருந்து பிரிக்க முடியுமா? எனக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்கிறது.

முடியும், ஆனால் காதைக் கொஞ்சம் பழக்க வேண்டும். ஊர்க்குருவி "சீப்... சீப்" என்று ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லும், குரலில் ஒரு கரகரப்பு இருக்கும். இது "சில்ப்-சல்ப்-சொல்ப்" என்று மூன்று சொல்லை ஒவ்வொன்றும் சற்றுத் தணிந்து வருமாறு கோத்துச் சொல்லும். குரல் மென்மை, தாளம் சீர். வேனிற்காலத்தில் ஆண் உயரமான மரத்தின் இலையற்ற கிளையில் அமர்ந்து காலை முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருக்கும். பெரிய பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஊர் அடங்கிக் கிடக்கும் சித்திரை வெயிலில், காட்டுப் பாதையில் அந்த ஒரு குரல் மட்டும் கேட்டுக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த சத்தம்.

பழக எளிய வழி: வீட்டு முற்றத்தில் ஊர்க்குருவியை ஒரு வாரம் கவனமாகக் கேளுங்கள். அது மனதில் படிந்துவிட்டால், அதற்கு மாறாக ஒன்று ஒலிக்கும்போது தலை தானாகத் திரும்பும்.

கே: நெற்றி மஞ்சளாக உள்ள ஒன்றைப் பார்த்தேன். எந்த நூலிலும் இல்லை.

மிக நல்ல கேள்வி. மாதமும் மரமும் எழுதியிருந்ததால் பதில் சொல்ல முடிகிறது. நீங்கள் பார்த்தது இலுப்பை மரத்தில். நெற்றியில் இருந்தது இறகின் நிறம் இல்லை, மகரந்தம்.

இலுப்பை பூக்கும்போது மரத்தடியில் நின்று பாருங்கள். கிளை நுனியில் பூக்கள் கொத்தாகத் தொங்கும். வெளிறிய, சதைப்பற்றுள்ள குமிழ்கள். சிட்டு கொத்தின் மேல் உட்கார்ந்து, உடலைக் கீழ்நோக்கி வளைத்து, அலகைப் பூவின் வாய்க்குள் செருகும். தேன் அடியில் இருப்பதால் முகத்தையே அழுத்த வேண்டியிருக்கிறது. வெளியே எடுக்கும்போது அலகின் அடியிலும் நெற்றியிலும் தூள் ஒட்டியிருக்கும். அதைத் துடைக்காமலே அடுத்த பூவுக்குப் போகும், மரம் விட்டு மரமும் போகும். தானியம் தின்னும் பறவை என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கும் இது, இலுப்பைக்கு மகரந்தம் சுமக்கும் வேலையும் செய்கிறது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். அந்தச் சர்க்கரை இந்தச் சிட்டுக்கும் தெரிந்திருக்கிறது. முள்ளிலவு, கல்யாண முருங்கை பூத்தாலும் வரும்.

கே: பறவை அறிஞர் சாலிம் அலி சிறுவயதில் சுட்டது சாதாரண சிட்டுக்குருவி என்று எங்கள் ஆசிரியர் சொல்கிறார். சரியா?

உங்கள் ஆசிரியர் இரண்டு நிகழ்ச்சிகளை ஒன்றாக்கிவிட்டார். இரண்டும் நடந்தவையே.

சாலிம் அலி சிறுவனாக இருந்தபோது, கூடு கட்டியிருந்த ஒரு பெட்டைக்கு அருகே காவலிருந்த ஆணைச் சுட்டார். சற்று நேரத்தில் பெட்டை வேறொரு ஆணைச் சேர்த்துக்கொண்டது. ஏழு நாட்களில் எட்டு ஆண்களைச் சுட்டதாக அவரே குறிப்பெழுதி வைத்திருந்தார். அது ஊர்க்குருவி.

அவர் வாழ்க்கையைத் திருப்பியது இன்னொன்று. பொம்மைத் துப்பாக்கி போன்ற காற்றுத் துப்பாக்கியால் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் கறை இருப்பதைக் கண்டு, இது என்ன பறவை என்று மாமா அமிருதீன் தியாப்ஜியிடம் கேட்டார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அறிமுகக் கடிதம் கொடுத்து அனுப்பினார். கழகத்தின் கௌரவச் செயலாளர் மில்லார்டு, பையனை விரட்டாமல் உட்காரவைத்துப் பறவையின் பெயரைச் சொல்லி, பெட்டி பெட்டியாகப் பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைத் திறந்து காட்டினார். 1908 வாக்கில் நடந்தது. அந்தக் குருவிதான் மஞ்சள் தொண்டைச் சிட்டு. சாலிம் அலியின் தன்வரலாற்றுத் தலைப்பில் இருக்கும் குருவியும் இதுவே.

ஒரு சிறுவன் "இது வழக்கமானது இல்லையே" என்று கவனித்த அந்த நொடியை எண்ணிப் பாருங்கள். நாம் இன்று திணறும் அதே வேறுபாடு.

கே: இதன் அறிவியல் பெயர் பழைய நூல்களில் பெட்ரோனியா என்றும் புதியவற்றில் கிம்னோரிஸ் என்றும் இருக்கிறதே?

ஒரே பறவைதான். பேரினத்தை மாற்றி வைத்திருக்கிறார்கள். நீங்கள் கிம்னோரிஸ் என்றே எழுதுங்கள்.

கே: எங்கள் குடியிருப்பில் ஒரு பட்ட மரம் நிற்கிறது. விழுந்துவிடும் என்று வெட்டப்போகிறார்கள். அதில் இந்தச் சிட்டு போய்வருகிறது. வெட்டலாமா?

இந்தக் கேள்விக்கு நான் சுருக்கமாகப் பதில் சொல்லப்போவதில்லை.

மஞ்சள் தொண்டைச் சிட்டு தானாகப் பொந்து குடைவதில்லை, அதற்கான அலகு அதற்கு இல்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து, குஞ்சு பொரித்து, விட்டுப்போன பொந்தில்தான் குடியேறும். சில சமயம் சுவர்த் துளையோ இரும்புக் குழாயோ கிடைத்தால் போதும் என்று இருந்துவிடும். ஆனால் முதல் தேடல் மரப் பொந்துதான். அந்த மரங்கொத்தியும் குக்குறுவானும் எங்கே குடைகின்றன? பெரும்பாலும் பட்ட கிளையில், உளுத்துப்போன தண்டில். நாம் உயிர் போய்விட்டது என்று சொல்லும் மரத்தில்தான் மூன்று நான்கு இனங்கள் முறைவைத்துக் குடியிருக்கின்றன. தோட்டத்தைச் "சுத்தமாக" வைத்திருப்பது என்றால் பட்ட கிளையை எல்லாம் கழிப்பது என்று நமக்கு யாரோ கற்றுக்கொடுத்துவிட்டார்கள். மார்ச் 20 சிட்டுக்குருவி நாளுக்குப் பெட்டி வாங்கி மாட்டுகிறவர்களே அடுத்த மாதம் பட்ட கிளையை வெட்டுவதையும் பார்க்கிறேன்.

நான் காலை நடக்கும் பாதையில் ஒரு வாகை மரம் இருந்தது. அதில் ஒரு பட்ட கிளை. அதன் அடிப்பக்கத்தில், மழை நேராக விழாதபடி, செம்மார்புக் குக்குறுவான் ஒன்று வட்டமாகப் பொந்து குடைந்தது. மறு ஆண்டு சித்திரையில் அதற்குள் மஞ்சள் தொண்டைச் சிட்டு. பெட்டை வாய் நிறையப் புல்லும் மயிரும் கொண்டுபோனதை நின்று பார்த்திருக்கிறேன். வைகாசியில் ஒரு நாள் போனபோது கிளை துண்டு துண்டாகக் கீழே கிடந்தது. காற்றடித்தால் விழுந்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு துண்டு பொந்தின் குறுக்காகப் பிளந்திருந்தது. உள்ளே புல் மெத்தை, இரண்டு கோழியிறகு, இன்னும் இறகு முளைக்காத மூன்று குஞ்சுகள். ஆண் பக்கத்து மின்கம்பியில் அலகில் புழுவோடு உட்கார்ந்திருந்தது. அதன் பிறகு நான் அந்தப் பாதையை மாற்றிக்கொண்டேன்.

ஆபத்தான மரத்தை வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கீழே பிள்ளைகள் விளையாடும் இடமானால் வெட்டத்தான் வேண்டும். ஆனால் எப்போது, எவ்வளவு என்று கேளுங்கள். மாசி முதல் ஆடி வரை பொந்துப் பறவைகளின் காலம். கிளி முந்தும், குக்குறுவான் நடுவில், இந்தச் சிட்டு கடைசியில். ஆவணி, புரட்டாசியில் வெட்டினால் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே வேலை முடியும், குஞ்சுக்கும் கேடில்லை. அப்போதும் அடியோடு வேண்டாம். பாரமான நுனியைக் கழித்துவிட்டு, அடிமரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் விட்டுவைத்தால் அது எளிதில் விழாது, பொந்துக்கும் ஆகும். குடியிருப்புக் கூட்டத்தில் இதைச் சொல்லுங்கள். ஒரு காலை அவர்களை மரத்தடிக்கு அழைத்துப்போய்ச் சிட்டு பொந்துக்குள் நுழைவதைக் காட்டுங்கள். கண்ணால் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஆவணி வரை பொறுப்பார்கள்.

கே: ஊர்க்குருவிக்கு விற்கும் மரப்பெட்டி இதற்கும் ஆகுமா?

ஆகலாம். வீட்டுச் சுவரில் மாட்டாதீர்கள், மரத்தில் கட்டுங்கள். துளை 3 செ.மீ. சொச்சம் போதும், பெரிதானால் மைனா எடுத்துக்கொள்ளும். பட்ட கிளை இருக்கிற இடத்தில் பெட்டியே தேவையில்லை.

கே: பொந்திலிருந்து குஞ்சு விழுந்துவிட்டது. வளர்க்கலாமா?

கூடாது. கை எட்டினால் பொந்திலேயே திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது வெறும் பேச்சு. இறகு முளைத்துத் தத்தித் திரிவதானால் பூனை வராத புதரில் விட்டு விலகி நில்லுங்கள், பெற்றவை வந்து ஊட்டும். காட்டுப் பறவையைக் கூண்டில் வைப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும்.

கே: கைபேசியில் குரலைப் போட்டால் பக்கத்தில் வருகிறது. படம் நன்றாகக் கிடைக்கிறது. தவறா?

தவறு. வேறொரு ஆண் தன் பொந்தைப் பிடிக்க வந்துவிட்டது என்று நினைத்துத்தான் அது பக்கத்தில் வருகிறது. அந்த நேரம் முழுக்கக் குஞ்சுக்கு இரை போகவில்லை. வேண்டாம்.

கே: மழைக்காலத்தில் காணாமல் போய்விடுகிறதே, வலசை போகிறதா?

நம் பக்கத்தில் நெடுந்தூர வலசை இல்லை, இடம் மாறும் அவ்வளவுதான். குஞ்சு பொரித்த பின் கூட்டமாகச் சேர்ந்து, தானியமும் புல்விதையும் இருக்கும் பக்கம் அலையும். ஆணின் அலகும் அப்போது கறுப்பு மாறி வெளிர்பழுப்பாகிவிடும், மஞ்சளும் ஒடுங்கும். ஆகவே அது உங்கள் வயலில் ஊர்க்குருவிக் கூட்டத்துக்கு நடுவிலேயே இருந்திருக்கலாம். அடுத்த மார்கழியில் கூட்டம் இறங்கும்போது ஒவ்வொன்றின் முதுகாகப் பாருங்கள். கோடில்லாத ஒன்று தென்பட்டால் எந்த ஊர், எந்த வயல் என்று எழுதுங்கள்.