லண்டன் பேஸ்ட்டில் நம் ஊர் ஓமம்

கேள்வி: லண்டனிலிருந்து வந்த அக்கா மகன் 'யூதைமால்' என்று ஒரு பற்பசை கொடுத்தான். பளிச்சென்று ரோஸ் கலர். வாயில் வைத்தால் அயோடெக்ஸ் நெடி! "பழைய காலத்து ஆன்டிசெப்டிக் பேஸ்ட், இதுதான் சுத்தம்" என்கிறான். ஆன்லைனில் விலை கொஞ்சம் அதிகம்தான். வாங்கிப் பழகலாமா?

பதில்: உங்கள் மூக்கு பொய் சொல்லவில்லை. அந்த நெடி விண்டர்கிரீன், அதாவது மெத்தில் சாலிசிலேட். வலித் தைலங்களில் வருவதும் அதுவே. பெயருக்குள் ஒளிந்திருக்கும் தைமால் என்ற கிருமிநாசினி நமக்கு இன்னும் நெருங்கிய சொந்தம். ஒரு சிட்டிகை ஓமத்தை உள்ளங்கையில் கசக்கி மோந்து பாருங்கள், சுள்ளென்று ஏறுவது தைமால்தான். முதல் உலகப் போருக்கு முன்பு இந்திய ஓமம் கப்பலேறி ஜெர்மனிக்குப் போய், அங்கே தைமாலாக வடிக்கப்பட்டது.

1860களில் பிரிட்டிஷ் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலம் என்ற கிருமிநாசினியால் அறுவைப் புண்களைச் சீழ் பிடிக்காமல் காத்தார். 1890இல் பெர்லினில் இருந்த அமெரிக்கப் பல் மருத்துவர் மில்லர், வாய்க் கிருமிகள் மாவையும் சர்க்கரையையும் அமிலமாக்கிப் பல்லை அரிக்கின்றன என்று எழுதினார். அப்புறம் கேட்கவா வேண்டும்? வாய்க்கும் கிருமிநாசினி தேடினார்கள். டெட்ராய்ட்டின் பார்க்-டேவிஸ் மருந்து கம்பெனி யூதைமாலைக் கொண்டுவந்தது அந்தச் சூட்டில்தான். கம்பெனி பிறகு வார்னர்-லாம்பர்ட், ஃபைசர் என்று கைமாறியது. பேஸ்ட்டின் ரோஸ் நிறமும் நெடியும் மட்டும் அதன் அடையாளமாகவே நின்றுவிட்டன.

சரி, வாங்கலாமா? தினசரிக்கு வேண்டாம் என்பேன். இரண்டு நிமிடம் துலக்கிக் கொப்பளித்தால் கிருமிகள் குறையும், ஆனால் சீக்கிரமே திரும்பி வந்துவிடும். சொத்தையை உண்மையில் தடுப்பது ஃபுளோரைடு. அது 1950களின் நடுவில்தான் அமெரிக்கக் கடைகளில் பேஸ்ட்டாக வந்தது. பழைய யூதைமாலில் ஃபுளோரைடு கிடையாது. பிரிட்டனிலேயே பெரியவர்களுக்கு 1350 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டைத்தான் சிபாரிசு செய்கிறார்கள். நம் நாட்டில் சட்டப்படி உச்ச வரம்பு 1000 பிபிஎம். நம் ஊர் பேஸ்ட்டின் அட்டைப் பெட்டியில் அந்த எண்ணைத் தேடிப் பாருங்கள். 1000க்குப் பக்கத்தில் இருந்தால், மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண பேஸ்ட்டே இந்த லண்டன்காரனைவிட மேல்.

வாசனை பிடித்துவிட்டதென்றால் காலையில் இது, ராத்திரி ஃபுளோரைடு பேஸ்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெத்தில் சாலிசிலேட் ஆஸ்பிரினுக்கு உறவு; அதனால் ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் யாராவது இருந்தால் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். குழந்தைகள் இருந்தால் டியூபை எட்டாத இடத்தில் வையுங்கள், அந்த ரோஸ் நிறம் பஞ்சுமிட்டாய் போலவே இருக்கும்.