கடலோர ஸ்கூல்ல டைனோசர் எலும்புக்கூடு: அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி இதப் படிங்க

கேள்வி: தொண்டி பக்கம் கடலோர ஸ்கூல்ல டீச்சரா இருக்கேன். பழைய மாணவர்கள் பணம் போட்டு முற்றத்துல 15 அடி பைபர் டைனோசர் எலும்புக்கூடு வைக்கலாம்னு இருக்காங்க. உள்ள ஸ்டீல் பைப்பு, லைஃப்டைம் கேரண்டின்னு சொல்லி ஒரு ஏஜென்ட் பாதிப் பணத்த முன்னாடியே கேக்குறார். உப்புக்காத்துல தாங்குமா? கூட வைக்க, கரை ஒதுங்குன ஆவுளியாவோட (கடல்பசு) விலா எலும்பு ரெண்டு தர்றேன்னு ஒரு மீனவர் சொல்றார். வாங்கிக்கலாமா?

பதில்: டீச்சர், மொதல்ல அட்வான்ஸ நிறுத்துங்க. எலும்பை வாங்காதீங்க. ரெண்டுக்கும் காரணம் சொல்றேன்.

பைபர் தாங்கும். உங்க ஊர் பைபர் வள்ளமெல்லாம் வருஷக்கணக்கா கடல்லயே தானே கெடக்கு. தாங்காதது உள்ள போற இரும்பு. எலும்புக்கூடு மாடல்ல ஒவ்வொரு எலும்பும் உள்ள பொள்ளலா இருக்கும், அதுக்குள்ள முதுகெலும்பு நெடுக ஒரு பைப்பு, காலுக்கு ஒரு பைப்பு, மொத்த பாரமும் அதுல தான் நிக்குது, இத வெளியில இருந்து பாத்தா தெரியவே தெரியாது, ஏமாத்துறவனுக்கு அது தான் வசதி. எம்எஸ்னு சொல்ற சாதா இரும்பு பைப்ப போட்டு மேல பெயிண்ட் அடிச்சு மூடிருவாங்க. ஜாயிண்ட் வழியா போல்ட் ஓட்டை வழியா உப்பு ஈரம் உள்ள எறங்கும், துரு ஏற ஏற இரும்பு பருத்து பைபர வெடிக்க வைக்கும், கடலோர வீட்டுல காரை பேந்து கம்பி தெரியுதே அதே கதை தான். அந்த எலும்புக்கூட்டுக்குக் கீழ உங்க பிள்ளைங்க நின்னு போட்டோ எடுப்பாங்கங்கறத மறந்துராதீங்க.

"ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தான் மேடம், காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டாது"ன்னு சொல்லுவாங்க. காந்தத்த நம்பாதீங்க. 202ன்னு ஒரு மலிவு கிரேடு இருக்கு, அதுலயும் காந்தம் ஒட்டாது, ஆனா கடக்காத்துல துரு பிடிச்சிரும். உங்களுக்கு வேண்டியது 316. ஆர்டர்லயும் பில்லுலயும் அந்த நம்பர எழுதி வாங்குங்க, பைப்பு செஞ்ச ஆலை கிரேடு போட்டுக் குடுக்குற மில் சர்டிபிகேட் கேளுங்க. எந்த கிரேடு ராடு வச்சு வெல்டு பண்ணப் போறாங்கன்னும் கேளுங்க, பைப்பு நல்லதா இருந்து ராடு மட்டமா இருந்தா வெல்டுலயே துரு ஆரம்பிக்கும். பைபர ஒட்டி இறுக்குற ரெசின்லயும் ஜிபிங்கற சாதா ரகம் வேணாம், தண்ணியத் தாங்குற ஐசோ ரெசின் போட்டு மேல ஜெல்கோட்டுங்கற பாதுகாப்புப் பூச்சு அடிக்கச் சொல்லுங்க. பைப்ப மூடுறதுக்கு முன்னாடி பட்டறைக்கே போய் கண்ணால பாருங்க, கூடவே வள்ளத்துக்கு பைபர் மேட்டு (கண்ணாடி நார் விரிப்பு) போடுற ஆள் ஒருத்தர கூட்டிட்டுப் போங்க. ஏஜென்ட விட அவருக்கு பைபர் நல்லாத் தெரியும்.

இந்த ஏஜென்ட் ஆளுங்கள்ல நெறைய பேருக்கு சொந்தப் பட்டறையே கிடையாது, கமிஷன எடுத்துட்டு கல்யாண செட்டு போடுறவங்க கிட்ட வேலைய தள்ளி விட்டுருவாங்க. இதுக்கு அரசாங்க டெண்டரும் ஒரு காரணம், எனக்கு எரிச்சலே அது தான், "பைபர் டைனோசர், 20 அடி, 1 எண்ணம்"னு ஒரே வரி எழுதி, எந்த ஸ்டீல் எந்த ரெசின்னு ஒரு வார்த்த போடாம, கொறஞ்ச வெலைக்காரனுக்கு குடுக்குறது, திறப்பு விழாவுக்கு பணம் இருக்கும், பராமரிப்புன்னு ஒரு தலைப்பே இருக்காது.

அடுத்து "ஒரிஜினல் காஸ்ட்", அதாவது நெஜ எலும்புல அச்சு எடுத்த நகல்னு சொன்னா, எந்த மியூசியத்துல இருக்குற எந்த எலும்புல அச்சு எடுத்ததுன்னு கேளுங்க. பதில் வரலைன்னா அது படத்தப் பாத்து செதுக்குனது. நகல் வைக்கிறது கேவலம் இல்ல, லண்டன்ல 1905ல வச்ச டிப்ளோடோகஸ்ங்கற டைனோசரே பிளாஸ்டர் நகல் தான். கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துல நிக்கிற பாராபாசாரஸ்ங்கற டைனோசர் கோதாவரிப் பள்ளத்தாக்குல கெடச்ச நெஜ எலும்பு, ஆனா அதுக்குக்கூட மண்டையோடு கெடைக்கல, பல்லு தான் கெடச்சுது, தலை ஊகிச்சு செஞ்சது. அப்ப எது நெஜம், எது ஊகம்னு போர்டுல எழுதுங்க, பிள்ளைங்க கத்துக்க வேண்டியதே அது தானே. வாலு தரையில இழுபடுற மாதிரி மாடல மலிவா தர்றேன்னா வேணாம், அது பழைய காலத்து நெனப்பு, வாலத் தூக்கிட்டு தான் நடந்துச்சுன்னு முடிவாகி பல வருஷம் ஆச்சு. "உங்க ஜில்லாவுலயே கெடச்ச டைனோசர் எலும்பு"ன்னு எவனாவது வந்தா வெளிய அனுப்புங்க. டைனோசருங்க அழிஞ்சு 6.6 கோடி வருஷம் ஆச்சு, உங்க கரையோரத்துல இருக்குற மணலும் பவளக்கல்லும் அதுக்கு ரொம்பப் பிந்துனது. தமிழ்நாட்டுல டைனோசர் எலும்புக்கு பேர் போன எடம் அரியலூர்.

இப்ப அந்த விலா எலும்பு. ஆவுளியா 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துல முதல் அட்டவணை, அதாவது ரொம்பக் கடுமையா பாதுகாக்குற பட்டியல். தானா செத்து ஒதுங்குனாலும் அது அரசாங்க சொத்து, கைக்கு வந்தா 48 மணி நேரத்துல போலீஸ்லயோ வனத்துறையிலயோ சொல்லணும். எலும்பு தானேன்னு நெனைக்காதீங்க, எலும்பும் விலங்கும் சட்டத்துக்கு ஒண்ணு தான், மாட்டுனா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் ஜெயில். ஒரே ஒரு வழி இருக்கு: தலைமை வன உயிரினக் காப்பாளரோட அனுமதி, அதுவும் எழுத்துல, அதுவும் எலும்பு கைக்கு வர்றதுக்கு முன்னாடி. வனத்துறை வாட்ச்சர் "வச்சுக்கங்க"ன்னு சொன்னது அனுமதி இல்ல. மீனவர் எழுதிக் குடுக்குற நன்கொடைக் கடிதம் அனுமதி இல்ல. ஹெச்எம் சீல் போட்ட ரெஜிஸ்டரும் அனுமதி இல்ல. அந்த மீனவர்கிட்டயும் பக்குவமா சொல்லி வனத்துறை ரேஞ்ச் ஆபீஸுக்கு தகவல் குடுக்க வைங்க, நல்ல மனசுல குடுக்க வந்தவரு மாட்டிக்கக் கூடாது. மாடலோட பீடத்துக்கு அழகா இருக்கும்னு பவளப்பாறை கொண்டு வந்து ஒட்டுனாலும் விடாதீங்க, அதுவும் முதல் அட்டவணை தான்.

ஆவுளியா வேணும்னா அதையும் பைபர்லயே செய்யச் சொல்லுங்க. வெளிநாட்டு கேட்லாக்க காட்டி மானட்டிங்கற வெளிநாட்டுச் சொந்தக்கார விலங்க தலையில கட்டப் பாப்பாங்க, வால பாருங்க: வட்டத் துடுப்பு மாதிரி இருந்தா மானட்டி, திமிங்கல வாலு மாதிரி ரெண்டாப் பிரிஞ்சா நம்ம ஆவுளியா.

பணத்த மூணா பிரிங்க. பைப்பு கிரேடு பாத்ததும் ஒண்ணு, நிறுத்துனதும் ஒண்ணு, கடைசிப் பங்கு ஒரு ஐப்பசி கார்த்திகை மழை தாண்டி, ஜாயிண்ட்டுல எங்கயாவது துருக்கறை வழியுதான்னு பாத்துட்டு குடுங்க.