ஏஐ விதிமுறைகள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஓப்பன் சோர்ஸ் மாடலை (யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிட்ட ஏஐ மாடலை) எங்கள் தரவால் ஃபைன்-டியூன் செய்து, அதாவது கூடுதலாகப் பயிற்றுவித்து, ஐரோப்பாவில் விற்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் மாடல் தயாரிப்பாளருக்கு விதிக்கும் கடமைகள் எங்கள் தலையிலும் விழுமா?

பெரும்பாலும் விழாது. மூல மாடலைப் பயிற்றுவிக்கச் செலவான கம்ப்யூட்டில் (கணக்கீட்டு அளவில்) மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீங்கள் செலவிட்டால்தான் உங்களையும் தயாரிப்பாளராகக் கொள்வோம் என்பது ஐரோப்பிய ஆணையம் 2025 ஜூலையில் தந்த விளக்கம். சாதாரண ஃபைன்-டியூனிங் அதன் அருகில்கூடப் போகாது. ஆனாலும் எத்தனை ஜிபியு (ஏஐ பயிற்சிக்கான சிப்) எத்தனை மணி நேரம் ஓடின என்பதை அன்றன்றே குறித்துவையுங்கள். அந்த மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தொழில்நுட்ப ஆவணம், பதிப்புரிமைக் கொள்கை, பயிற்சித் தரவுச் சுருக்கம் ஆகியவை வேண்டும். அதுவும் நீங்கள் செய்த மாற்றத்துக்கு மட்டும்.

மாடல் வேறு, அதன்மேல் கட்டிய சாட்பாட் வேறு. 'பேசுவது இயந்திரம்' என்று பயனருக்குத் தெரியும்படி சாட்பாட்டை அமைப்பது அதை உருவாக்கியவரின் கடமை. மாடல் கணக்கிலேயே மூழ்கிப் பலரும் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: சீனாவில் ஏஐ படங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் முத்திரை போட்டால் போதாதா?

போதாது. 2025 செப்டம்பர் 1 முதல் இரண்டு அடையாளங்கள் வேண்டும்: பார்ப்பவருக்குத் தெரியும் குறிப்பு ஒன்று, கோப்பின் மெட்டாடேட்டாவில் (கோப்போடு சேர்ந்திருக்கும் விவரத் தகவலில்) பதியும் மறைகுறி ஒன்று. இரண்டாவதுதான் எளிதில் காணாமல் போகும். அளவைச் சுருக்கி மறுபடி சேமித்தாலோ ஸ்கிரீன்ஷாட் எடுத்தாலோ மெட்டாடேட்டா உதிர்ந்துவிடும். ஆகவே சோதனையை உருவாக்கும் இடத்தில் நிறுத்தாமல், பயனர் பதிவிறக்கிய கோப்பைத் திறந்து பாருங்கள். தெரியும் குறிப்பு வேண்டாம் என்று பயனரே கேட்டால் தரலாம்; ஆனால் பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக்கி, பதிவுகளை 6 மாதமாவது வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: சீனாவில் ஏஐயை நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படுத்தினால்?

பொதுமக்களுக்குச் சேவையாகத் தராதவரை, 2023 ஆகஸ்ட் 15 முதல் நடப்பிலுள்ள ஜெனரேட்டிவ் ஏஐ இடைக்கால விதிகள் பொருந்தா.

கேள்வி: அமெரிக்காவில் சட்டமே இல்லையாமே?

நாடு முழுவதற்குமான ஒரே ஏஐ சட்டம் இல்லை. பைடன் 2023இல் பிறப்பித்த நிர்வாக ஆணையும் 2025 ஜனவரி 20 அன்று ரத்தானது. மாநிலங்கள் சும்மா இல்லை. கலிபோர்னியாவின் எஸ்பி 53 என்ற ஏஐ பாதுகாப்புச் சட்டம், 10இன் 26ஆம் அடுக்குக்கு மேற்பட்ட கணக்கீடுகளில் பயிற்றுவித்த மாடல்களைக் குறிவைக்கிறது. தீவிரப் பாதுகாப்புச் சம்பவத்தை 15 நாளுக்குள், உயிராபத்து உடனடி என்றால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. இவ்வளவு பெரிய மாடலைப் பயிற்றுவிக்காத சிறு நிறுவனத்தை இது தொடாது. அனுமதியின்றிப் பரவும் அந்தரங்க டீப்ஃபேக் (ஏஐ உருவாக்கும் போலிப் படம், வீடியோ) விஷயத்தில் மட்டும் கூட்டாட்சிச் சட்டம் உண்டு: பாதிக்கப்பட்டவர் முறையாகக் கேட்ட 48 மணி நேரத்துக்குள் தளம் அதை நீக்கியாக வேண்டும்.