சான்றிதழைப் பூட்டி வைத்தால் ஆள் நிற்பாரா?

கேள்வி: எட்டு ஆண்டுகள் ஒருவரிடம் டர்னராக (லேத்தில் உலோகம் கடைபவராக) இருந்துவிட்டு, ஒரே ஒரு லேத்துடன் சொந்தப் பட்டறை தொடங்கினேன். இன்று கணினி நிரல்படி ஓடும் மூன்று சிஎன்சி உட்பட ஒன்பது இயந்திரங்கள், 14 பேர். ஆர்டர் இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஐடிஐ முடித்து வரும் பையன்களுக்கு ஒரு வருடம் தொழில் கற்றுக்கொடுக்கிறேன். கை பழகியதும் ஆயிரம் ரூபாய் கூடுதல் என்று பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுகிறார்கள். அசல் சான்றிதழை வாங்கி வைத்துக்கொள்ளலாமா? விலகினால் இந்த வட்டாரத்தில் வேறு பட்டறையில் சேரமாட்டேன் என்று எழுதி வாங்கலாமா? பெரிய முன்பணம் கொடுத்து நிறுத்தலாமா? இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) வேண்டாம் என்று அவர்கள் சொன்னதைக்கூட அனுசரித்துப் போகிறேன்.

– ஒரு வாசகர், கணபதி, கோவை

பதில்: மூன்று யோசனைகளையும் முதலில் தள்ளிவிடுவோம். சான்றிதழ் அந்தப் பையனின் உடைமை. அது உங்கள் பீரோவில் இருக்க வேண்டிய பொருள் அன்று. வேலையை விட்ட பிறகு இன்னாரிடம் சேரக் கூடாது என்று எழுதி வாங்கினால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி அந்த எழுத்து செல்லாது. முன்பணத்தைக் காட்டி ஒருவரைப் போகவிடாமல் தடுத்தாலோ, 1976ஆம் ஆண்டு கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் வாசலில் போய் நிற்பீர்கள். சட்டம் கிடக்கட்டும், கணக்காகவும் அது தேறாது. முன்பணம் கொடுத்தே தறிக்கு ஆள் பிடிக்கும் பள்ளிபாளையம் பக்கத்து விசைத்தறிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்: அடுத்த முதலாளி பழைய பாக்கியை அடைத்து, மேலே கொஞ்சம் போட்டு ஆளை அழைத்துக்கொள்கிறார்; தொகைதான் ஏறிக்கொண்டே போகிறது.

உங்கள் கடிதத்தின் முதல் வரியை நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். எட்டு ஆண்டு இருந்த பட்டறையை விட்டு வந்தவர் நீங்கள். அந்த முதலாளி உங்கள் சான்றிதழைப் பூட்டி வைத்திருந்தால் கணபதியில் இன்று ஒன்பது இயந்திரங்கள் ஓடியிருக்குமா? எட்டு ஆண்டுகள் அங்கே இருந்ததற்கு ஒரு காரணம் இருந்திருக்கும். எனது ஊகம், உங்களுக்கு அங்கே தொழில் வளர்ந்துகொண்டிருந்தது.

நீங்கள் சொல்லும் அந்த ஒரு வருடத்தில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். பல பட்டறைகளில் நான் பார்த்திருப்பது இதுதான்: பையன் சிஎன்சியின் சக்கில், அதாவது சுழலும் பிடிப்பில், ஜாபை (கடைய வேண்டிய துண்டை) மாட்டுகிறான், பச்சைப் பொத்தானை அழுத்துகிறான், கழற்றி அரத்தால் பிசிறு எடுக்கிறான், மாலையில் சுருள் அள்ளிக் கூட்டுகிறான். இரண்டு ஆண்டு ஐடிஐயில் டர்னர் படித்தவனுக்கு இதில் கற்க என்ன இருக்கிறது? டூல் பிட்டைச் சாணையில் தானே பிடித்து, அது கரகரவென்று அதிராமல் வெட்டுகிறதா என்று காதால் கேட்டு, 25 மில்லிமீட்டர் ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் பார்த்து, ஒரு மில்லிமீட்டரின் நூறில் இரண்டு பங்குக்குள் நிறுத்தும் நாளில்தான் அவன் கைக்குத் தன்மேல் நம்பிக்கை வருகிறது. புரோகிராம் எழுதவும், டூலின் அளவைத் திருத்தும் ஆஃப்செட் போடவும் விடாமல் பொத்தானோடு நிறுத்தப்பட்டவனுக்கு எல்லாப் பட்டறையும் ஒன்றுதான். அவன் ஆயிரம் ரூபாய்க்குப் போகத்தான் செய்வான்.

கற்றுக்கொடுக்க வேண்டியவர் உங்கள் மூத்த டர்னர். அவர் ஏன் சொல்லித் தருவதில்லை என்று எப்போதாவது கேட்டீர்களா? பையன் தேறிவிட்டால் தன் இடம் போய்விடும் என்ற பயம் ஒருபுறம், சொல்லிக்கொடுக்கும் நேரத்தில் தன் உற்பத்தி எண்ணிக்கை குறைந்து ஓவர்டைம் போகும் என்ற கணக்கு மறுபுறம். ஆகவே, பையன் தனியாக ஒரு ஜாபை அமைத்து முடிக்கும் நிலைக்கு வரும்போது அவருக்கென்று ஒரு தொகை கொடுங்கள். கற்றுத்தரும் மணி நேரத்தை அவருடைய எண்ணிக்கையிலிருந்து கழித்துவிடுங்கள். பையனுக்கும் எந்த வேலை கைவந்தால் என்ன சம்பளம் என்பதைச் சேரும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். தீபாவளிக்குத் தீபாவளி உங்கள் மனநிலையைப் பார்த்து உயரும் சம்பளத்தை நம்பி இளைஞர் எவரும் உட்கார்ந்திருக்கமாட்டார்.

இ.எஸ்.ஐ. விஷயத்தில் உங்கள் ‘அனுசரிப்பு’ எனக்குப் பிடிக்கவில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள பட்டறையில், 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குவோருக்கு அது கட்டாயம். தொழிலாளி வேண்டாம் என்றாலும் விலக்கு இல்லை. 18,000 ரூபாய் வாங்குபவரிடம் பிடிப்பது 0.75 விழுக்காடு, அதாவது 135 ரூபாய். நீங்கள் கட்ட வேண்டியது 3.25 விழுக்காடு, 585 ரூபாய். வேண்டாம் என்ற பேச்சு இந்த இரண்டில் எந்தத் தொகையிலிருந்து கிளம்பியது என்பது உங்களுக்குத்தான் தெரியும். சுழலும் சக்கில் விரல் போன ஒருவரைச் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு அனுப்ப முடியாத முதலாளி, விசுவாசத்தைப் பற்றிப் பேசுவது கடினம்.

புதிய ஆட்களுக்குத் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தைப் பாருங்கள். நான்கு பேர் உள்ள நிறுவனமே பழகுநரைச் சேர்க்கலாம்; உதவித்தொகையில் 25 விழுக்காட்டை, மாதம் 1,500 ரூபாய் வரை, அரசு ஏற்கிறது. பட்டறையில் எடுபிடிக்கு மலிவான ஆள் என்று நினைத்தால் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எனக்கும் இதில் பழைய கணக்கு ஒன்று உண்டு. முன்பு நான் பொறுப்பில் இருந்த சிறு அச்சகத்தில், தகடு செய்யும் மேசைக்கு மேல் மின்விசிறி ஒன்று வேண்டும் என்று ஆஃப்செட் அச்சு இயந்திர ஆபரேட்டர் இரண்டு கோடைகள் கேட்டார். ‘பார்க்கலாம்’ என்றேன். மூன்றாம் கோடையில் அவர் வேறிடம் போனார். சம்பளம் அங்கே கூடுதல்கூட இல்லை.

சிலர் நீங்கள் எது செய்தாலும் போவார்கள், உங்களைப் போலவே சொந்தமாக ஒரு லேத் போடுவதற்காக. அவர்களிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். உங்களிடம் தங்கி நிற்கும் ஆர்டரில் ஒரு பகுதியை முதல் ஜாப் ஒர்க்காக அவர்களுக்கே கொடுங்கள். உங்கள் அளவும் உங்கள் தரமும் தெரிந்த கை அது.