மகன் மாற்றிய இஞ்சின், அப்பா பெயரில் கிராண்ட்

கேள்வி: வணக்கம் ஐயா. நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். தோட்டத்தில் மண்டோராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். 2001-ஆம் ஆண்டு புரோட்டோன் வீரா 1.5 காடி (கார்) ஒன்று இருக்கிறது. கிராண்ட், அதாவது வாகனப் பதிவுப் பத்திரம், என் பெயரில். கடன் எதுவும் இல்லை. போன வருடம் என் மகன் (வயது 23) இங்குள்ள ஒரு பட்டறையில் 9,000 ரிங்கிட் கொடுத்து ஹாஃப்கட்டிலிருந்து (பாதியாக வெட்டி இறக்குமதியாகும் பழைய கார்) எடுத்த மிட்சுபிஷி ஜிஎஸ்ஆர் டர்போ இஞ்சினைப் போட்டுவிட்டான். எனக்குத் தெரியும், தடுக்கவில்லை. ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) பேப்பரையெல்லாம் தான் பார்த்துக்கொள்வதாகப் பட்டறைத் தவுக்கே (முதலாளி) வாட்ஸ்அப்பில் சொன்னார். இன்றுவரை ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகு இன்சூரன்ஸை ஏஜென்ட் போனிலேயே புதுப்பித்துக் கொடுத்தார். இரண்டு மாதத்துக்கு முன் அம்மாவுக்கு மருந்து வாங்கி வரச் சொல்லி நான்தான் அவனை அனுப்பினேன். போகிற வழியில் முன்னால் சென்ற மோட்டார்சைக்கிளை இடித்துவிட்டான். ஓட்டியவருக்குக் கால் முறிந்துவிட்டது. போலீஸ் ரிப்போர்ட் அன்றே செய்தோம். இன்சூரன்ஸ் அட்ஜஸ்டர் (சேதத்தைப் பார்த்து மதிப்பிடுபவர்) பானட்டைத் திறந்து படம் எடுத்துப் போனார். என் காடியின் கிளெய்மை நிராகரித்து இப்போது கடிதம் வந்திருக்கிறது. அடிபட்டவர் கேஸ் போட்டால் வீட்டை விற்க வேண்டி வருமா? "காடியைக் கொண்டு வாங்க, பழைய இஞ்சின் நம்பரையே இஞ்சின் பிளாக்கில் அடித்துத் தருகிறேன்" என்கிறார் தவுக்கே. செய்யலாமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அவசரம் அதற்குத்தான். காரை அந்த வேலைக்கு அனுப்பாதீர்கள். இன்றைக்கு உங்கள் மேல் இருப்பது, இஞ்சின் மாறியதைத் தெரிவிக்கவில்லை என்கிற குறை. அதைத் தீர்க்க வழி உண்டு. பிளாக்கில் இருக்கும் நம்பரை அரைத்து எடுத்துவிட்டு வேறு நம்பர் அடித்தால் அது மோசடி. திருட்டுக் கார் விற்பவர்கள் செய்கிற வேலை அதுதான், அதிகாரியும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார். மேலும் அது எடுபடவும் செய்யாது. வீரா 1.5-இல் இருந்தது 4ஜி15 ரக இஞ்சின், இப்போது இருப்பது 4ஜி93 ரகம். ஒன்று 1,468 சி.சி., மற்றது 1,834 சி.சி., அதோடு டர்போ. என்ன நம்பர் அடித்தாலும் இஞ்சினின் உருவத்தை மாற்ற முடியுமா? உண்மையான நம்பர் அட்ஜஸ்டர் எடுத்த படத்தில் ஏற்கெனவே இருக்கும். அந்தப் படத்துக்கும் காருக்கும் பொருந்தவில்லை என்றால் கேள்வி தவுக்கேயிடம் போகாது, உங்களிடம் வரும்.

சரி, வீட்டு விஷயத்துக்கு வருவோம். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான் என்று தெரிகிறது.

1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90-ஆம் பிரிவு, மூன்றாம் நபருக்கு ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் இன்சூரன்ஸ் இல்லாமல் வாகனம் ஓடக்கூடாது என்கிறது. அடிபட்டவர் வெறுங்கையோடு போகக்கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. அதே காரணத்துக்காகத்தான் 95-ஆம் பிரிவும் இருக்கிறது. சில காரணங்களைக் காட்டி மூன்றாம் நபருக்குப் பணம் தர மறுக்க முடியாது என்று அது வரிசையாகச் சொல்கிறது. ஓட்டியவரின் வயது, வாகனத்தின் நிலை, ஏற்றிய ஆட்களின் எண்ணிக்கை என்று போகும் அந்த வரிசையில் வாகனத்தின் குதிரைத்திறனும் இருக்கிறது. ஆகவே "இஞ்சினை மாற்றிவிட்டார்கள், நாங்கள் தரமாட்டோம்" என்று உங்கள் கம்பெனி அந்த மோட்டார்சைக்கிள்காரரிடம் சொல்லிவிட முடியாது. அவர் வழக்கில் ஜெயித்தால் 96-ஆம் பிரிவின்படி கம்பெனிதான் முதலில் பணம் கட்ட வேண்டும்.

இதைப் படித்து நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்குள் அடுத்ததையும் சொல்லிவிடுகிறேன். 95-ஆம் பிரிவு இருக்கிற ஒரே காரணத்தால் கட்ட நேர்ந்த பணத்தைக் கம்பெனி உங்களிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். அதற்கும் அந்தச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. இன்னொரு வழியும் அவர்களுக்கு உண்டு. நீங்கள் தவறான தகவல் தந்து பாலிசி எடுத்தீர்கள், அதனால் பாலிசியே செல்லாது என்று நீதிமன்றத்தில் அறிவிப்புக் கேட்கலாம். அப்படி ஒரு தாள் உங்கள் வீட்டுக்கு வந்தால் அலமாரியில் வைத்துவிடாதீர்கள். பதில் போடாமல் இருந்தால் எதிர்ப்பே இல்லாமல் உத்தரவு பிறந்துவிடும். அந்த உத்தரவு வந்துவிட்டால் அடிபட்டவரின் நஷ்ட ஈடு நேராக உங்கள் மேலும் மகன் மேலும் இறங்கும். வீட்டைப் பற்றி உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது அப்போதுதான்.

இடித்தது மகன், அப்பா ஏன் பொறுப்பு என்று கேட்கலாம். கிராண்டில் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் விபத்துக்குச் சொந்தக்காரர் பொறுப்பாகிவிட மாட்டார். ஆனால் மருந்து வாங்க அனுப்பியது நீங்கள். உங்கள் வேலையாக, உங்கள் சம்மதத்தோடு ஓட்டினான் என்றால் அவன் தவறு உங்கள் தவறாகவும் கணக்காகும். எதிர்த்தரப்பு லோயர் இரண்டு பேர் பெயரையும் போடுவார். காயத்துக்கு வழக்குப் போட தீபகற்ப மலேசியாவில் பொதுவாக ஆறு வருடம் அவகாசம் உண்டு. இரண்டு மாதமாகச் சத்தமில்லை என்பதால் விஷயம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

இஞ்சின் பெரியது என்பதே கவனக்குறைவுக்கு அத்தாட்சி ஆகாது. எவ்வளவு இடைவெளியில், என்ன வேகத்தில் பின்னால் வந்தான் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். இருந்தாலும் அந்த லோயர் பிரேக்கைப் பற்றிக் கட்டாயம் கேட்பார். ஜிஎஸ்ஆர் இஞ்சின் ஜப்பானில் 195 குதிரைத்திறனோடு வந்தது. வீராவின் பழைய இஞ்சினுக்கு அதில் பாதிகூட இல்லை. பின்சக்கரத்தில் பழைய டிரம் பிரேக்கையே வைத்துக்கொண்டு சக்தியை மட்டும் இரட்டிப்பாக்கியிருந்தால், மகனுக்கு நல்ல பதில் ஒன்றும் இருக்காது. நம் பையன்கள் பட்டறையில் கொட்டுகிற காசில் பிரேக்குக்குப் போவது கடைசிச் சில்லறைதான்.

உங்கள் சொந்தக் கார் சேதத்துக்கான கிளெய்ம் வேறு கணக்கு. அதற்கு 95-ஆம் பிரிவின் பாதுகாப்பு கிடையாது. ஆனால் நிராகரித்துக் கடிதம் வந்துவிட்டால் அதோடு முடிந்தது என்றும் இல்லை. 2013-ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் 9-ஆவது அட்டவணையின்படி, உங்களைப் போன்ற தனிநபர் காப்புறுதியில் கம்பெனிதான் குறிப்பாகக் கேள்வி கேட்க வேண்டும். கேட்டதற்கு நியாயமான கவனத்தோடு பதில் சொல்வது உங்கள் கடமை. கேட்கவே இல்லை என்றால் அந்தக் கடமையை அவர்களே விட்டுக்கொடுத்ததாக ஆகும். தவறான பதில் என்றாலும் வேண்டுமென்றே சொன்னதா, கவனக்குறைவா, அறியாமையா என்று பிரித்துத்தான் விளைவு. வேண்டுமென்றே என்றால் பாலிசியே போகும். கவனக்குறைவு என்றால், உண்மை தெரிந்திருந்தால் கம்பெனி என்ன செய்திருக்கும் என்று பார்த்து, கிளெய்மைக் குறைத்துத் தரவும் இடமுண்டு.

ஆகையால் புதுப்பித்த நாளில் ஏஜென்டோடு நடந்த உரையாடல் முழுவதையும் தேடி எடுங்கள். "காடியில் ஏதாவது மாற்றம் செய்திருக்கிறீர்களா" என்று யாராவது கேட்டார்களா? ஏதாவது பாரத்தில் டிக் அடித்தீர்களா? "ஐசி அனுப்புங்க, பணம் அனுப்புங்க" என்பதோடு முடிந்திருந்தால் அது உங்களுக்குச் சாதகம். அதற்குப் பின் பாலிசி புத்தகத்தில் நிபந்தனைகள் பகுதியைப் பாருங்கள். வாகனத்தில் மாற்றம் செய்தால் தெரிவிக்க வேண்டும் என்ற வரி இருந்தால் கம்பெனி அதைப் பிடித்துக்கொள்ளும். முதலில் கம்பெனியின் புகார் பிரிவுக்கு எழுதுங்கள். இறுதிப் பதிலும் அதேதான் என்றால் ஆறு மாதத்துக்குள், இப்படிப்பட்ட தகராறுகளை விசாரிக்கும் நிதிச் சந்தைகள் ஒம்புட்ஸ்மன் (குறைதீர்ப்பாளர்) சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து அந்தப் பெயரில் இயங்குகிறது, 2,50,000 ரிங்கிட் வரையிலான தகராறுகளை எடுத்துக்கொள்ளும், உங்களுக்குச் செலவில்லை. 2001-ஆம் ஆண்டுப் பழைய வீராவுக்கு இவ்வளவு அலைச்சல் தேவையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். என்னைக் கேட்டால் கார் பணத்துக்காக இல்லை, "வேண்டுமென்றே மறைத்தார்" என்ற பேச்சு எழுத்தில் நிலைத்துவிடக் கூடாது என்பதற்காகவாவது பதில் எழுதச் சொல்வேன். அந்தப் பேச்சுதான் நாளைக்கு மோட்டார்சைக்கிள் வழக்கிலும் வந்து நிற்கும்.

ஜே.பி.ஜே.யைப் பொறுத்தவரை, இஞ்சின் மாற்றுவதே குற்றம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அனுமதி வாங்கி, பரிசோதனை முடித்து, கிராண்டில் புது இஞ்சின் நம்பரையும் சி.சி.யையும் ஏற்றிவிட்டால் அது முறையான கார். அதைச் செய்ய வேண்டியவர் பதிவுச் சொந்தக்காரர், அதாவது நீங்கள். மகனோ தவுக்கேயோ இல்லை. தனியாகத் தண்டனை குறிப்பிடப்படாத குற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 119-ஆம் பிரிவில் பொதுத் தண்டனை உண்டு: முதல் முறை 2,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காரையும் அதே சட்டத்தின் 64-ஆம் பிரிவின் கீழ் பிடித்து வைக்கலாம். ரோட் டாக்ஸ் வேறு இருக்கிறது. 1.5-க்கு வருடம் 90 ரிங்கிட் கட்டி வந்தீர்கள். 1,834 சி.சி. தனியார் காருக்கு 297 ரிங்கிட்.

பதிவு செய்வதா, பழைய இஞ்சினையே திரும்பப் போடுவதா? பழைய 4ஜி15 இன்னும் பட்டறை மூலையில் கிடக்கிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். இருந்தால் அதைத் திரும்பப் போடுவதே மலிவு, சுலபம். ஆனால் இப்போது தொடாதீர்கள். போலீஸ் விசாரணை அதிகாரியும் கம்பெனியும் பார்த்து முடித்துவிட்டோம் என்று எழுத்தில் தந்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அதற்கு முன் கழற்றினால் ஆதாரத்தை அழித்ததாகப் பேச்சு வரும். புது இஞ்சினைப் பதிவு செய்வதானால் வாங்கிய ரசீதும், இறக்குமதிக்கான சுங்கத்துறை கே1 பாரமும் வேண்டும். ஹாஃப்கட் கடையில் அந்தப் பாரத்தைத் தர மறுத்தால் அந்த இஞ்சின் எந்த வழியில் வந்தது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"எனக்குத் தெரியும், தடுக்கவில்லை" என்று எனக்கு எழுதியிருக்கிறீர்கள். அதை வேறு யாருக்கும் எழுத்தில் தர வேண்டாம், ஒரு லோயரைப் பார்க்கும்வரை. பொய் சொல்லவும் வேண்டாம். வசதி இல்லையென்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையம் இருக்கிறது.

தவுக்கேயை மட்டும் சும்மா விடாதீர்கள். பேப்பர் வேலையைச் செய்து தருவதாக வாக்குக் கொடுத்துப் பணம் வாங்கியிருக்கிறார், அது வாட்ஸ்அப்பில் இருக்கிறது. பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 ரிங்கிட் வரை கேட்கலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், லோயர் வைக்க முடியாது, தேவையும் இல்லை. மூன்று வருடத்துக்குள் போட வேண்டும். பேப்பர் வராத காரை நீங்கள் ஏன் ஓட்ட விட்டீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார், அதனால் 9,000 முழுவதும் கைக்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பணம் கொடுத்தது மகன் என்றால் மனுவும் அவன் பெயரில்தான் போக வேண்டும். நம்பர் அடித்துத் தருகிறேன் என்று தவுக்கே சொன்னது போனில் பதிவாகியிருந்தால் அதை அழித்துவிட வேண்டாம் என்று அவனிடம் சொல்லி வையுங்கள்.