கிராஃபிக்ஸ் சிப் பழுது என்பதை நிரூபிப்பது உங்கள் வேலை அல்ல

வாசகர் கேள்வி (சுருக்கமாக): வாங்கிய மூன்றாவது வாரத்திலேயே என் புதிய லேப்டாப்பின் திரையில் வண்ணக் கோடுகளும் சிறு கட்டங்களும் தோன்றத் தொடங்கின. வீடியோ எடிட்டிங் செய்யும்போது திரை கறுத்துப்போய், கணினி தானாகவே மறுபடி தொடங்குகிறது. சர்வீஸ் சென்டரில் இரண்டு முறை கொடுத்தேன். இரண்டு முறையும் திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றிப் போட்டுவிட்டு, பழுது இல்லை என்று திருப்பித் தந்தார்கள். எனக்குத்தான் பயன்படுத்தத் தெரியவில்லை என்ற தொனியில் பேசி அவமதித்தார்கள். இதே மாடலில் இதே பிரச்சினை என்று இணையத்தில் பலர் எழுதியவற்றை நாற்பது பக்கங்களுக்கு அச்செடுத்து வைத்திருக்கிறேன். தெரிந்த டெக்னீஷியன் ஒருவர் கணினியைத் திறந்து பார்த்து, கிராஃபிக்ஸ் சிப் பழுது என்று எழுதித் தருவதாகச் சொல்கிறார். முழுப் பணத்தையும் மன உளைச்சலுக்கு இழப்பீட்டையும் கேட்டு வழக்குப் போடலாமா?

பதில்: ஊழியரின் தொனி, அலைச்சல், கைநழுவிப் போன வேலை ஆகியவற்றைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பவை எல்லாம் உண்மையாகவே இருக்கலாம். மனுவில் அவற்றுக்கு ஒரு பத்தி போதும். வழக்கை விசாரிக்கும் நுகர்வோர் ஆணையம் அதையும் வேகமாகத்தான் கடந்து போகும். உங்கள் நீண்ட கடிதத்தில் நான் தேடியும் கிடைக்காத தகவல், சர்வீஸ் சென்டரில் கணினியை வாங்கும்போது எழுதித் தரும் அந்த இரண்டு ஜாப் ஷீட்டுகளிலும் வாடிக்கையாளர் கூறிய குறை என்ற கட்டத்தில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதுதான். திரையில் கோடுகள், தானாக மறுதொடக்கம் என்று இரண்டிலும் இருந்தால் உங்களுக்கு ஒரு வழக்கு இருக்கிறது. டிரைவர் அப்டேட் என்றோ பொதுச் சோதனை என்றோ மட்டும் இருந்து, அதன்கீழ் நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், இன்றைய தேதியில் உங்களிடம் இருப்பது மனக்குறை மட்டுமே.

நீங்கள் கிராஃபிக்ஸ் சிப் பழுது என்பதை நிரூபிக்கப் புறப்பட்டிருக்கிறீர்கள். அதற்கு அவசியமே இல்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2(10) பிரிவில் குறைபாடு என்பதற்குத் தரும் விளக்கம், சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ விற்பவர் சொன்னபடியோ ஒரு பொருளில் இருக்க வேண்டிய தரத்தில் உள்ள எந்தக் குறையையும் உள்ளடக்குகிறது. அது எந்தப் பாகத்தால், எந்தக் காரணத்தால் வந்தது என்று வாங்கியவர் சொல்ல வேண்டும் என்று அந்த விளக்கத்தில் இல்லை. திரையில் கோடு விழுவதற்குச் சிப் காரணமாக இருக்கலாம், சிப்புக்கு உரிய நினைவகம் காரணமாக இருக்கலாம், மதர்போர்டிலிருந்து திரைக்குப் போகும் கேபிளோ திரையேகூடவோ காரணமாக இருக்கலாம். எல்லாமே நீங்கள் வாங்கிய பெட்டிக்குள் இருந்து வந்தவை. விற்கப்பட்ட நிலையில் இருக்கும் இயந்திரத்திலேயே குறை இருக்கிறதா, அல்லது நீங்கள் ஏற்றிய மென்பொருளாலும் நீங்கள் செய்த மாற்றத்தாலும் வந்ததா என்பது ஒன்றுதான் சட்டத்தின் கேள்வி. எதிர்த்தரப்பு வக்கீல் பேசப்போவது முழுவதும் இதைப் பற்றித்தான் இருக்கும்.

இதற்கு விடை காணக் கணினியைத் திறக்க வேண்டியதில்லை. நிறுவனம் முதலில் போட்டுத் தந்த நிலைக்குக் கணினியை மீட்டமைத்து, வேறெதையும் ஏற்றாமல், அவர்களே தந்த டிரைவரோடு இயக்கிப் பார்த்தும் கோடுகள் வந்தால், மென்பொருள்தான் காரணம் என்ற வாதம்கூட அவர்களையே சென்று சேரும், ஏனென்றால் அந்த மென்பொருளும் அவர்கள் விற்றதுதான். ஆனால் மீட்டமைப்பு பழைய பதிவுகளையும் அழித்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில், திரை டிரைவர் பதிலளிக்காமல் நின்று பிறகு மீண்டது என்பதைக் குறிக்கும் 4101 என்ற எண்ணுள்ள பதிவுகள் தேதி, நேரத்துடன் இருக்கக்கூடும். உங்கள் சொந்தக் கோப்புகளோடு அவற்றையும் முதலில் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணினியை முடுக்கியவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பு, நிறுவனத்தின் சின்னம் தெரியும் நேரத்திலோ, கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையிலோ கோடுகள் தெரிந்தால், அதை வேறொரு கைபேசியில் வெட்டில்லாத ஒரே வீடியோவாக, கணினியின் வரிசை எண்ணும் தெரியும்படி எடுங்கள். உங்கள் வழக்கில் அதைவிட நல்ல சாட்சி வராது. அங்கே தெரியவில்லை என்பதற்காக வன்பொருள் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. தனி கிராஃபிக்ஸ் சிப் உள்ள பல லேப்டாப்களில் ஆரம்பத் திரையை வரைவது செயலியோடு இணைந்த மற்றொரு கிராஃபிக்ஸ். தனிச் சிப் வேலைக்கு வருவது கனமான வேலை தொடங்கிய பிறகுதான். வெளித்திரை ஒன்றை இணைத்துப் பார்ப்பதும், கோடு தெரியும் நேரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அந்தப் படத்தை வேறொரு கருவியில் திறந்து பார்ப்பதும் பயன் தரும். கோடு படத்திலேயே பதிந்திருந்தால் படம் உருவாகும் இடத்தில் கோளாறு. படம் சுத்தமாக இருந்து திரை மட்டும் கெட்டிருந்தால் கேபிள், திரைப் பக்கம் ஐயம் சாயும். இவற்றைச் செய்து பார்த்துக் குறித்து வையுங்கள். வீடியோவைத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றையும் சேர்த்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு ஆட்சேபம் குறையும்.

ஆனால் முடிவை மனுவில் எழுதாதீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கட்சிக்காரர், என்னிடம் வருவதற்கு முன்பே, தானே ஆராய்ந்து, கிராஃபிக்ஸ் சிப் செயலிழந்துவிட்டது என்று உறுதியாக நோட்டீஸ் அனுப்பியிருந்தார். சோதனையில் சிப் நன்றாக இருந்தது, கேபிள்தான் கெட்டிருந்தது. சட்டப்படி பார்த்தால், ஆய்வகம் புகாரில் சொன்ன குறையை மட்டுமல்லாமல் வேறெந்தக் குறையையும் கண்டறிந்து சொல்லலாம் என்பதால் அவர் தோற்க வேண்டிய காரணம் இல்லை. இருந்தாலும், அவருடைய குற்றச்சாட்டே பொய் என்று எதிர்த்தரப்பு கடைசிவரை வாதிட்டது. அதற்குப் பதில் சொல்லியே காலம் போனது. கண்ணால் கண்டதை, தேதியோடு எழுதுங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்கும் சுமையை அவர்கள் தலையிலேயே விடுங்கள்.

இனி அந்த டெக்னீஷியன். இதை நான் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் வெற்றி பெற்றிருக்கக்கூடிய வழக்குகளைக் கட்சிக்காரர்கள் தங்கள் கையாலேயே கெடுத்துக்கொள்வதை நான் அதிகம் பார்த்தது இந்த இடத்தில்தான். ஒருவர் தன் கணினியைத் திறந்து, சிப்பின் மேலிருந்த வெப்பப் பசையை மாற்றினார். இன்னொருவர் சிப்பைச் சூடுகாட்டி மறுபடி ஒட்ட வைத்தார், பதினைந்து நாள் நன்றாக ஓடி, பிறகு முற்றிலும் நின்றுபோனது. இருவரும் அதன் பிறகுதான் சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். அங்கே தேய்ந்த திருகுகளையும் கிழிந்த சீலையும் நான்கு புகைப்படங்கள் எடுத்து, அங்கீகாரமற்ற பழுதுபார்ப்பு என்று ஒரு வரி எழுதினார்கள். அந்த ஒரு வரிக்குப் பிறகு, திறப்பதற்கு முன்பே பழுது இருந்தது என்று காட்டும் சுமை எங்கள் மேல் விழுந்தது, காட்ட எங்களிடம் எதுவும் இல்லை. சேவையில் குறை இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021இலும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் டெக்னீஷியன் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அவர் எழுதித் தரும் தாளால் கிடைக்கும் பலத்தைவிட, அவர் கழற்றும் முதல் திருகால் வரும் சேதம் பெரிது. பயாஸை மாற்றி எழுதுவது, சிப்பின் வேகத்தையோ மின்னழுத்தத்தையோ மாற்றும் மென்பொருளைப் போடுவது ஆகியவையும் இதே வகைதான்.

இரண்டாவது பொறி, புகாரை முடித்து வைக்கக் கேட்கும் ஓடிபி. வாசலிலேயே எண்ணைக் கேட்பார்கள், நீங்களும் சொல்லிவிடுவீர்கள். அவர்களுடைய கணினியில் அது வாடிக்கையாளரின் திருப்தியோடு முடிந்த புகார் என்று பதிவாகும். மூன்று மாதம் கழித்து அந்தப் பதிவுதான் எதிர்த்தரப்பின் முதல் ஆவணமாக வரும். கணினியை வாங்கி, கனமான வேலை ஒன்றை அங்கேயே ஓட்டிப் பார்த்த பிறகு எண்ணைக் கொடுங்கள். அதற்கு அனுமதிக்கவில்லை என்றால், சோதிக்க விடாமல் முடித்தார்கள் என்று அன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.

அந்த நாற்பது பக்கங்களை வீட்டிலேயே வைத்துவிடலாம். முன்பின் தெரியாதவர்களின் கணினிகள் கெட்டன என்பதால் உங்களுடையது கெட்டது என்று ஆகாது. 2008 ஜூலையில் என்விடியா நிறுவனம், தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்களில் சில, அவற்றை உறையிடப் பயன்பட்ட பொருளின் பலவீனத்தால் வழக்கத்தைவிட அதிகமாகப் பழுதாகின்றன என்று தானே வெளியிட்டு, அந்தச் செலவுக்கு 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்கியது. தயாரிப்பாளரே ஒப்புக்கொண்ட அப்படி ஓர் அறிவிப்பு உங்கள் மாடலுக்கு இருந்தால் கொண்டுவாருங்கள்.

வழக்குத் தொடுத்தால் என்ன நடக்கும் என்பதையும் பாருங்கள். சோதனையின்றித் தீர்மானிக்க முடியாத குறை என்று ஆணையம் கருதினால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆவது பிரிவின்படி பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பும், கட்டணத்தை உங்களையே கட்டச் சொல்லலாம், அறிக்கைக்கு 45 நாள். சோதனை தேவைப்படும் புகாரை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்தக் கெடுவை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். உங்கள் பழுதோ எப்போதாவது வருவது. ஆய்வக மேசையில் அன்று வராமல் போனால், குறை இல்லை என்ற அறிக்கையை நீங்களே பணம் கட்டி வாங்கியதாக ஆகும். வென்றாலும் முழுப் பணம் கிடைக்கும் என்பது உறுதியில்லை. 2006இல் ஒரு கார் வழக்கில், வாரண்டி பழுதான பாகத்தைச் சீராக்கவும் மாற்றவும் மட்டுமே கடமை விதிக்கும்போது முழு வண்டியையும் மாற்றித் தரச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது; லேப்டாப் நிறுவனங்களின் வக்கீல்கள் அதை இன்றும் கையில் வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அதே நேரத்தில், ஒரே குறை மூன்று, நான்கு ஜாப் ஷீட்டுகளில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருந்த வழக்குகளில், ஆய்வகம் வரை போகாமலேயே பணத்தைத் திருப்பித் தரச் சொன்ன ஆணையங்களும் உண்டு. உங்களிடம் இப்போது இருப்பது இரண்டு, அவற்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

ஆகவே, சமரசம் பேசுங்கள். லேப்டாப்பில் கிராஃபிக்ஸ் சிப் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவர்கள் பழுதை ஒப்புக்கொண்டால் மாற்றப்போவது முழு மதர்போர்டு. அதை அவமானமாக எண்ணி மறுக்க வேண்டாம். ஆனால் பழைய போர்டு அவர்களிடம் போய்விட்டால் உங்கள் சாட்சியும் அதோடு போய்விடும் என்பதால், கொடுப்பதற்கு முன் நான்கு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: என்ன குறைக்காக மாற்றப்படுகிறது, பழைய, புதிய போர்டுகளின் வரிசை எண்கள், புதிய போர்டுக்கு எத்தனை மாத வாரண்டி, அதே குறை திரும்பினால் கணினியையே மாற்றித் தருவதா பணத்தைத் தருவதா என்பது. கடைசி விஷயத்தை மறுப்பார்கள். மேலாளர் மட்டத்துக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் போனால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அச்சடித்த தாளில் மட்டும் கையெழுத்திட வேண்டாம். பேச்சு இழுத்துக்கொண்டே போனால், வழக்குத் தொடுக்க அதே சட்டத்தின் 69ஆவது பிரிவின்படி உங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அவர்களுடைய மின்னஞ்சல் வாக்குறுதிகளால் அந்தக் காலம் நீளும் என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். வழக்கு என்று வந்தால் விற்ற கடையையும் தயாரித்த நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்குங்கள். கோபம் முழுவதும் சர்வீஸ் சென்டர் மேல் என்பதற்காக அதை மட்டும் சேர்த்து வருபவர்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இந்தப் பதில் வெளியாவதற்குள் கணினி அந்த டெக்னீஷியனிடம் போயிருந்தால், இன்றே போய், திறக்காத நிலையில் திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். மூன்றாவது முறையாக அதைச் சர்வீஸ் சென்டரில் கொடுக்கும்போது, குறை என்ற கட்டத்தில் நீங்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.